கடலுக்குச் சான்று யார்?

ஒரு பொருள் நல்லதா என்று கேட்பது ஒன்று. அது நல்ல வழியில் வந்ததா என்று கேட்பது மற்றொன்று. முதலாவது வினா சந்தை தோன்றிய நாள்தொட்டு உள்ளது. கொட்டாஞ்சேனைச் சந்தையிலே மீனின் செவுளை விரித்துப் பார்க்கும் தாயொருத்தி கேட்பது அந்த வினாவைத்தான். இரண்டாவது வினாவை வாங்குவோர் எழுப்பத் தொடங்கியது மிக அண்மையிலேயாகும். ஐரோப்பிய, அமெரிக்க நகரங்களின் பெரும் அங்காடிகளில் இன்று மீன் பொதிகளின்மீது சிறியதொரு முத்திரை காணப்படுகிறது. இம்மீன் பிடிக்கப்பட்ட கடலில் மீன்வளம் குன்றிவிடவில்லை, பிடித்த முறையால் பிற உயிர்கள் பெருமளவில் அழியவில்லை, பிடித்தோர் விதிகளுக்கு அடங்கியே பிடித்தனர் என்று அது உறுதி கூறுகிறது. நம் நாட்டு அலுவலக மொழியில் இதற்கு ‘நிலைபேறான மீன்பிடி’ என்று பெயர்.

அறத்தைக் கடையில் வைத்து விற்கலாமா என்று எள்ளி நகையாடிவிட்டு இதனைக் கடந்து போவது எளிது. நம்மவர் பலர் அப்படித்தான் செய்கின்றனர். ஆனால் கடலில் மீன் அருகி வருவது நகைப்புக்குரிய செய்தி அன்று. அதனைத் தடுக்க எவரேனும் முயல்வாராயின் அம்முயற்சியை ஆராயாமல் ஒதுக்குவதும் அறிவுடைமை அன்று. எனவே நாம் கேட்கவேண்டியது வேறு. ஒருவன் தன் தொழிலை நேர்மையாகச் செய்கின்றான் என்று சான்று கூறும் தகுதி யாருக்கு உரியது? அச்சான்று யாரை நோக்கிக் கூறப்படுகின்றது?

சான்று என்னும் சொல்லைச் சற்று நோக்குவோம். சான்று, சான்றோர், சான்றாண்மை என்பனவற்றை ஒரே வேரில் முளைத்தனவாகக் கொள்வது நம் மரபு. சான்றாண்மைக்குத் தனி அதிகாரமே வகுத்தது குறள். ஊரில் ஒரு வழக்கு எழுந்தால் சான்று கூற அழைக்கப்பட்டவர் அவ்வூரிலேயே வாழ்பவர்; பொய் கூறினால் அதன் விளைவையும் அவ்வூரிலேயே அனுபவிக்க வேண்டியவர். அவர் நிறைகுணம் உடையவர் என்பதனால் மட்டுமன்று, அவ்வழக்கின் விளைவு அவர் வாழ்வையும் தொடும் என்பதனாலும் அவர் சொல் ஏற்கப்பட்டது. இந்த இரண்டாவது காரணத்தை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். நவீன வணிகம் வேறொரு கொள்கையை உடையது. தொடர்பற்றவனே நடுவுநிலையாளன், தொலைவிலிருந்து வருபவனே நம்பத் தகுந்தவன் என்பது அதன் துணிபு. இரண்டிலும் உண்மை உண்டு. எது எங்கே பொருந்தும் என்பதைக் கடலின் வரலாறே காட்டுகிறது.

கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கடலில் கொட் என்னும் மீனினம் பல நூற்றாண்டுகளாகப் பிடிக்கப்பட்டு வந்தது. 1980களின் நடுப்பகுதியிலே, சிறு படகுகளில் கரையோரத்தில் தொழில் செய்தோர் மீன் குறைகிறது, வருவதும் சிறுத்து வருகிறது என்று முறையிட்டனர். அரச விஞ்ஞானிகளின் கணக்கோ மீன் போதிய அளவு உண்டு என்றது. ஆழ்கடலில் பெரிய இழுவைக் கப்பல்கள் பிடித்த அளவையும் அக்கணக்கு துணையாகக் கொண்டிருந்தது. மீன் எங்கே எஞ்சித் திரண்டதோ அங்கே தேடிச் சென்று பிடிக்கும் ஆற்றல் படைத்த கப்பல்களுக்கு, கடைசி மீன் அகப்படும்வரை கடல் நிறைந்திருப்பதாகவே தோன்றும். கரையோர மீனவனுக்கு அப்படியன்று. மீன் தன்னிடம் வரவேண்டும். வராவிட்டால் அவனுக்கு முதலிலே தெரிந்துவிடும். அவனுடைய சான்று ஏற்கப்படவில்லை. 1992ஆம் ஆண்டு யூலை 2ஆம் நாள் அரசு அம்மீன்பிடியையே மூடியது. ஏறத்தாழ 30,000 பேர் தொழில் இழந்தனர்.

இந்தப் பேரழிவுதான் முத்திரையின் தாய். உறைமீன் வணிகத்தில் உலகிலேயே முன்னணியில் நின்ற யுனிலீவர் நிறுவனம், விற்பதற்கு மீன் இல்லாமற் போய்விடுமோ என்று அஞ்சியது. இயற்கைக்கான உலக நிதியம் என்னும் அமைப்புடன் சேர்ந்து 1997இல் லண்டனில் மெரைன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சிலை நிறுவியது. பின்னர் அது தனித்தியங்கும் அமைப்பாயிற்று. 2000ஆம் ஆண்டில் மேற்கு அவுஸ்திரேலியாவின் இறால்நண்டு மீன்பிடி முதற் சான்றிதழைப் பெற்றது.

அதன் நடைமுறை இதுதான். சான்று வேண்டும் மீன்பிடித் துறையினர் ஆய்வு நிறுவனமொன்றைத் தம் செலவிலேயே அமர்த்த வேண்டும். மீன்வளம், சூழல், நிருவாகம் ஆகிய மூன்றையும் பற்றி அந்நிறுவனம் ஓராண்டுக்கு மேலாகவும் ஆராய்ந்து புள்ளி இடும். செலவு பல்லாயிரம் டொலர்களாகும். தேறிய மீனை முத்திரையுடன் விற்போர் விற்பனைப் பெறுமதியில் ஒரு சிறு பங்கைக் கவுன்சிலுக்குச் செலுத்துவர். சாட்சிக்குக் கூலி கொடுப்பவன் வழக்காளியே என்பதைச் சொல்லிக்காட்ட வேண்டியதில்லை. ஆய்வாளர் யாவரும் பொய்யர் என்று நான் கூறவரவில்லை. அவர்களுட் பலர் கண்டிப்பானவர்கள், தேறாத துறைகளும் பல. நான் சுட்டுவது வேறொன்று. தாம் அறிந்ததை எடுத்துரைக்க நியூபவுண்ட்லாந்துக் கரையோர மீனவருக்கு இடம் இல்லாமற் போனதே அந்த அழிவின் பாடமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அழிவின் பின் எழுந்த ஏற்பாட்டிலும் சான்று கூறுபவன் நிபுணன், சான்றைக் கேட்பவன் நுகர்வோன், மீனவனோ சான்று கூறப்படும் பொருள். அவனுடைய வலைபோல, அவனுடைய படகுபோல, அவனும் ஓர் இனம்.

மாலைதீவின் சூரை மீன்பிடியை எடுத்துக்கொள்வோம். அத்தீவு மக்கள் தடியில் கட்டிய தூண்டிலால் ஒவ்வொரு மீனாகப் பிடிக்கின்றனர். பல நூற்றாண்டுப் பழக்கம் அது. அந்த மீனை அவித்து, புகையிட்டு, உலர்த்திய மாசி நம் வீட்டுச் சம்பலில் எத்தனை தலைமுறையாக இடிபட்டு வருகிறது! 2012இல் அம்மீன்பிடிக்கு லண்டன் முத்திரை கிடைத்தது. அதற்கு முந்திய நூற்றாண்டுகளில் அம்மக்கள் கடலோடு ஒழுகிய முறை நல்லதாக இருக்கவில்லையா? இருந்தது. ஆனால் அந்த நன்மைக்கு விலை இருக்கவில்லை. ஒரு செயல் நல்லதாவதும் அது சந்தையில் நல்லதென மதிக்கப்படுவதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கே சான்று என்பது தனியார் முத்திரையாக வருமுன்னர் அரசுகளின் கட்டளையாக வந்தது. 2010 தொடக்கம், பிடித்த கப்பலின் நாடு வழங்கும் சான்றிதழ் இல்லாத கடல்மீன் எதுவும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழைய முடியாது. 2012 நவம்பரில் இலங்கை எச்சரிக்கப்பட்டது. நம் பலநாட் படகுகள் ஆழ்கடலில் எங்கே செல்கின்றன என்பதை அரசு அறியவில்லை, தவறியோரைத் தண்டிக்கவும் இல்லை என்பது குற்றச்சாட்டு. குற்றச்சாட்டு பொய்யன்று. 2014 ஒக்டோபர் 14இல் தடை அறிவிக்கப்பட்டது. 2015 சனவரி நடுப்பகுதியில் அது நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பாவுக்குக் குளிரூட்டிய சூரையும் வாள்மீனும் அனுப்பும் நாடுகளுள் இலங்கை அக்காலத்தில் இரண்டாவது இடத்தில் இருந்தது. 2013இல் அவ்வணிகத்தின் பெறுமதி 74 மில்லியன் யூரோ. 2016 நடுப்பகுதியிலேயே தடை நீங்கியது.

அந்தத் தடையால் விளைந்த நன்மையை மறைக்கக் கூடாது. ஆயிரத்துக்கு மேற்பட்ட படகுகளில் செய்மதி வழியாக இருப்பிடம் காட்டும் கருவி பொருத்தப்பட்டது. பிடித்ததைக் குறிப்பேட்டில் பதியும் வழக்கம் இறுகியது. நம் அரசு தானாக விரும்பி இவற்றைச் செய்திருக்குமா என்றால், செய்திருக்காது என்றே சொல்வேன்.

ஆயினும் அடி யார்மீது விழுந்தது? பலநாட் படகில் எரிபொருள், பனிக்கட்டி, உணவு ஆகிய செலவுகளைக் கழித்த பின்னரே எஞ்சியது பங்கிடப்படும். அதில் ஒரு பெரும் பகுதி படகுச் சொந்தக்காரருக்கு, மிகுதி கடலுக்குச் சென்றவர்களுக்கு. மீனின் விலை விழும்போது பனிக்கட்டியின் விலை விழுவதில்லை. ஆகவே வீழ்ச்சி முழுவதும் எஞ்சிய பங்கின்மீதே வந்து இறங்குகிறது. மாதக்கணக்கில் கடலில் கிடந்தவன், அதிகாரி ஒருவர் செய்யத் தவறிய கடமைக்காகத் தன் பங்கை இழந்தான். திணைக்களத்தில் எவருடைய சம்பளமும் குறைந்ததாக நான் அறியேன்.

தேர்வாளரின் தகுதியையும் இங்கே நோக்குதல் தகும். இந்து சமுத்திரத்தில் சூரையை மிகுதியாகப் பிடிப்போருள் ஸ்பானிய, பிரெஞ்சுக் கப்பல்களும் அடங்கும். அவை கடலில் மிதவைகளை மிதக்கவிட்டு, அவற்றின் கீழ் திரளும் மீன்கூட்டத்தைக் குஞ்சு குருமானோடு சுற்றி வளைப்பன. 2023 பெப்ரவரியில் மொம்பாசாவில் கூடிய இந்து சமுத்திர சூரை மீன் ஆணைக்குழு, ஆண்டுக்கு 72 நாள் அம்மிதவைகளைப் பயன்படுத்தலாகாது என்று தீர்மானித்தது. ஐரோப்பிய ஒன்றியம் ஆட்சேபித்தது. வேறு சில நாடுகளும் ஆட்சேபிக்கவே அத்தீர்மானம் வலுவிழந்தது. பிறர் படகின் இருப்பிடம் அறிய விரும்புவோர், தம் கப்பலின் வலை அறியப்படுவதை விரும்பவில்லை.

வடக்கே பாக்கு நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் கதை இன்னும் சிக்கலானது. அங்கே பிடிபடும் நீலக்கால் நண்டின் சதை, பெண்கள் கையால் ஓடு நீக்கப்பட்டு, தகரங்களில் அடைக்கப்பட்டுப் பெரும்பாலும் அமெரிக்காவுக்குச் செல்கிறது. வாங்குவோர் சான்று கேட்டமையால் கடலுணவு ஏற்றுமதியாளர் சங்கம் 2013ஆம் ஆண்டளவில் நண்டுப்பிடியைச் சீர்செய்யும் திட்டமொன்றைத் தொடங்கியது. சினை நண்டு, குஞ்சு நண்டு, வலைக்கண் எனப் பல விடயங்கள் ஆராயப்பட்டன. கலிபோர்னியாவிலுள்ள மொன்ரரே குடா நீர்வாழ் உயிர்க் காட்சியகம் உலகின் கடலுணவுகளைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூவகைப்படுத்துகிறது. நம் நண்டு மஞ்சளைப் பெற்றது. பாதகமில்லாத தேர்வு என்பது அதன் பொருள்.

மஞ்சளுக்குத் தகுதியான அந்த நண்டுவலை எங்கே கிடக்கிறது? கடலின் அடித்தளத்தில். இரவில் எல்லை கடந்து வரும் தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் அடித்தளத்தையே வாரிச் செல்கின்றன. அதனோடு வலையும் போகிறது. 1983 முதல் 2009 வரையான போர்க்காலத்தில் வடபுல மீனவர் கடலுக்குள் செல்லவே தடுக்கப்பட்டிருந்தனர். அக்காலத்திலேதான் இவ்விழுவைப் படகுகளின் வரவு வழமையாயிற்று. 2017 யூலையில் நம் பாராளுமன்றம் இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. சட்டம் இருக்கிறது, இழுவையும் இருக்கிறது. அக்கரையில் இழுவைப் படகில் கூலிக்கு வருபவனும் ஏழைத் தமிழனே என்பதை மறந்து பேசுவது குறுகிய நோக்காகும். முதல் போட்டவன் ராமேஸ்வரத்துக் கரையிலோ அதற்கும் அப்பாலோ இருக்கிறான். இவையெல்லாம் சிக்கலான அரசியல். நான் கேட்பது ஓர் எளிய கேள்வி. தன் வலையை ஒழுங்காக விரித்த குருநகர் மீனவனோ வலைப்பாட்டு மீனவனோ, தன் கையில் இல்லாத காரணத்தால் தன் கடல் தேய்ந்து தரம் இறங்கினால், அத்தீர்ப்பு அவனைப் பற்றியதா? அறவியலின் பழைய விதி ஒன்று உண்டு: செய்ய இயன்றவனிடமே கடமையை எதிர்பார்க்கலாம். முத்திரை கடலைத் தீர்ப்பிடுகிறது. தீர்ப்பின் விளைவை ஏற்பவனோ கடலின் ஒரு மூலையில் மட்டும் அதிகாரம் உடையவன். அந்த மூலையிலும் சம்மாட்டியிடம் பட்ட கடன் அவனுக்கு முன்னே போய் நிற்கிறது.

அப்படியானால் ஊரவர் தாமே தம் கடலைக் காத்தனரா என்று வாசகர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வியே. முழுநிலா நாளில் பரதவர் கடலுக்குச் செல்லாது உண்டு ஆடி மகிழ்ந்ததைப் பட்டினப்பாலை காட்டுகிறது. வகுப்பில் அப்பகுதியைக் கற்பிக்கும்போது, முகத்துவாரத்திலிருந்து வரும் என் மாணவர் தம் வீட்டாரும் ஞாயிறன்று தொழிலுக்குப் போவதில்லை என்று சொல்வதுண்டு. ஓய்வு நாள் கடலுக்கும் ஓய்வாவது உண்மை. ஆனால் அதனைச் சூழல் பாதுகாப்பு என்று பெயரிட்டுப் பண்டைத் தமிழருக்குப் புகழ்மாலை சூட்டுவது நம்மிடையே பெருகிவரும் ஒரு நோய். நான் அதற்கு உடன்படேன்.

நீர்கொழும்புக் களப்பு மெய்யான எடுத்துக்காட்டாகும். அங்கே முளைகளை நட்டு வலை கட்டி இறால் பிடிக்கும் முறை ஒன்று உண்டு. களப்பின் வாயில் நல்ல இடங்கள் சிலவே, பிடிப்போர் பலர். ஆகவே நான்கு மீனவர் சங்கங்கள் சீட்டுக் குலுக்கி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்தன. எவர் உறுப்பினராகலாம், எவர் எந்நாளில் எவ்விடத்தில் வலை கட்டலாம் என்பதற்கெல்லாம் விதி உண்டு. கத்தோலிக்கப் பங்குகளோடு பிணைந்த அச்சங்கங்களில், விதி மீறியவன் மறுநாளும் அதே கோயிலில் அதே மக்களின் நடுவே முழந்தாளிட வேண்டியவன். லண்டன் ஆய்வாளர் எவரும் வகுக்க இயலாத காவல் அது. அதன் மறுபுறத்தையும் சொல்லிவிடுகிறேன்: உரிமை பரம்பரை வழியே செல்வதால் புதியவனுக்கு இடமில்லை, வலை கட்டும் உரிமையில் பெண்ணுக்குப் பங்கில்லை.

தென்மாகாணத்து மாவெல்லையில் நடந்தது வேறு. கரைவலைக்கு அங்கும் முறை இருந்தது. ஆனால் வலைகளின் தொகை பெருகிக்கொண்டே சென்றது. 1930களில் புதிய வலையைத் தடுக்கும் விதி வந்தபோது, வெளியார் முதலும் அரசியல்வாதிகளின் செல்வாக்கும் அவ்விதியை வளைத்தன. உழைப்பு கூடியது, பங்கு குறைந்தது, பகை மூண்டது. பொதுவளங்களை மக்கள் தாமே ஆளமுடியும் என்று காட்டி 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரொம் அம்மையார், தம் 1990ஆம் ஆண்டு நூலில் மாவெல்லையைத் தோல்வியின் எடுத்துக்காட்டாகவே வைத்தார். ஊரவர் அறியாமையால் அத்தோல்வி நேரவில்லை. கூட்டம் மிகுந்தால் பங்கு சிறுக்கும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அறிந்தவர் கையில் அதிகாரம் இல்லை. அதிகாரம் உடையவர் அறிந்தும் பொருட்படுத்தவில்லை. நியூபவுண்ட்லாந்திலும் மாவெல்லையிலும் தோற்றது ஒரே வகைச் சான்றுதான்.

இனி உண்பவரைப் பற்றி ஒரு சொல். வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கு அப்பால் கடல் அலை அடித்துக்கொண்டே இருக்கிறது. பாதைக்கு இப்பால் உள்ள கடைகளின் தட்டுகளில் இறக்குமதியான ரின் மீன் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. தீவொன்றின் குடிகள் ரின் மீனையும் கருவாட்டையும் பிறநாட்டிலிருந்து தருவித்து உண்கின்றனர். நல்ல சூரையும் நண்டும் சான்றிதழோடு விமானமேறுகின்றன; சான்று கேளாத மீன் நமக்கு வருகிறது. ஆடம்பரத்துக்காக ரின் மீன் வாங்குபவர் எவரும் இல்லை. மாத முடிவில் அதுவே கட்டுப்படியாகிறது.

அந்த மலிவு எவ்வாறு வருகிறது? 2015இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளர்கள் இந்தோனேசியாவின் பெஞ்சினா என்னும் தீவூரில் மியன்மார் முதலிய நாடுகளின் மீன்பிடித் தொழிலாளர் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்ததை, சிலர் கூட்டில் அடைக்கப்பட்டிருந்ததை, வெளியிட்டனர். ஈராயிரம் பேருக்கு மேல் விடுவிக்கப்பட்டனர். அவர்கள் பிடித்த மீன் தாய்லாந்து வழியாக அமெரிக்கப் பெருங்கடைகளைச் சென்றடைந்திருந்தது. கவுன்சிலின் மூன்று தத்துவங்களில் மீனின் தொகை உண்டு, ஆமையின் உயிர் உண்டு. பிடித்தவனின் கூலி இல்லை. கட்டாய உழைப்பைப் பற்றிய நிபந்தனைகள் பின்னரே சேர்க்கப்பட்டன, அவையும் பெரிதும் தாமே தம்மைப் பற்றிக் கூறும் வாக்குமூலங்களாக. ‘நிலைபேறு’ என்ற அழகிய சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அந்தப் ‘பேறு’ யாருக்கு என்று என் மனம் கேட்கிறது. மீன் இனம் நிலைக்கலாம்; வணிகம் நிலைக்கலாம்; மண்ணெண்ணெய் 2022 ஓகஸ்டில் ஒரே நாளில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியபோது வெளியிணைப்பு இயந்திரத்தைக் கரையில் ஏற்றி வைத்தவன் நிலைத்தானா என்று எந்தப் புள்ளிப் பட்டியலும் கேட்கவில்லை.

கடலைக் கெடுப்போர் எல்லோரும் சான்று காட்ட வேண்டியவர்களா? 2021 மே 20ஆம் நாள் கொழும்புத் துறைமுகத்துக்கு அப்பால் எக்ஸ்-பிரஸ் பேர்ள் என்னும் சரக்குக் கப்பல் தீப்பற்றியது. அதிலிருந்த நைத்திரிக் அமிலம் கசிகிறது என்பது முன்னரே தெரிந்திருந்தது. கட்டாரின் ஹமாட் துறைமுகமும் இந்தியாவின் ஹசீராவும் அதனை இறக்கிக்கொள்ளவில்லை. யூன் 2இல் கப்பல் தாழத் தொடங்கியது. கோடானுகோடி பிளாஸ்டிக் மணிகள் முகத்துவாரம் முதல் நீர்கொழும்பு வரையும் அதற்கப்பாலும் கரையெங்கும் பரந்தன. அக்கடலில் மீன்பிடிப்பதை அரசு தடைசெய்தது. முத்திரைக்காக வலைக்கண்ணை அளந்து காட்டியவர்களும் அளவாதவர்களும் ஒன்றாகவே கரையில் இருந்தனர். நான்கு ஆண்டுகளுக்குப் பின், 2025 யூலை 24இல், உயர் நீதிமன்றம் நூறு கோடி டொலர் நட்டஈடு செலுத்துமாறு தீர்ப்பளித்தது. வழக்கைத் தொடுத்தோருள் மீனவர் தரப்பினரும் இருந்தனர். இந்த ஒரு சந்தர்ப்பத்திலேனும் மீனவன் சான்று கூறப்படும் பொருளாக அல்லாமல், தானே சான்று கூறுபவனாக மன்றின் முன் வந்தான். அவனை யாரும் புள்ளியிடவில்லை. அவன் தன் கடலுக்கு நேர்ந்ததைச் சொன்னான்.

மீனவனின் இந்த உரிமையை உலகம் அறியாததும் அன்று. ஐக்கிய நாடுகள் உணவு விவசாய தாபனம் 2014 யூனில் சிறு மீன்பிடியாளருக்கான வழிகாட்டு நெறிகளை ஏற்றுக்கொண்டது. கடலை ஆள்வது பற்றிய முடிவுகளில் அவர்களுக்கு இடமளித்தல், அவர்களுடைய மரபறிவை மதித்தல், பெண்களின் உழைப்பைக் கணக்கில் எடுத்தல் என நான் மேலே கேட்டவை யாவும் அதில் உள்ளன. இலங்கைக்கு எதிரான தடை அறிவிக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். தடை மூன்று மாதத்தில் அமுலுக்கு வந்தது. வழிகாட்டு நெறிகளின் தலைப்பிலேயே ‘தாமாக விரும்பி ஏற்பதற்குரியவை’ என்று எழுதியிருக்கிறது.